மூன்றாம் அறையின் கடல்

த்ரியெஸ்தேயில் காற்றுக்குப் பெயர் உண்டு: போரா.
வாடை என்று சொன்னால் போதாது.
வாடை கதவிடுக்கில் நுழையும்,
இது கதவையே கழற்றிக்கொண்டு போகும்.
அது வீசும் நாட்களில்
குப்பைத்தொட்டிகள் தெருவிறங்கி ஊர்வலம் போகும்.
முக்கில் திரும்புகிறவர்கள்
முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள்,
பிறகு மன்னிப்புக் கேட்டு விடுவார்கள்.

நீவெஸ் கிரிஷ்மன்சிச்
அருங்காட்சியகத்தின் மூன்றாம் அறையில்
பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள்.
நாற்காலிக்கு எதிரே ஒரு கடல்.
ஒன்றரை மீட்டர் அகலம், முலாம் பூசிய சட்டம்,
இடது மூலையில் பூச்சி அரித்த துளை.
பித்தளைத் தகட்டில்: ‘மேட்டிலிருந்து வளைகுடா, காலை.
வரைந்தவர் தெரியவில்லை.’
வெண்பாறைச் சரிவு, வலப்பக்கம் முனை மழுங்கிய மணிக்கூண்டு,
ஒரு கழுதை,
மிச்சமெல்லாம் நீர்.
பதினோரு வருடத்தில் அந்த நீரில்
ஓர் அலை எழுந்ததில்லை.
பள்ளிப் பிள்ளைகள் கழுதையைத்தான் பார்ப்பார்கள்.
பெரியவர்கள் தகட்டைப் படித்துவிட்டு
கழிப்பறை எந்தப் பக்கம் என்பார்கள்.

அக்டோபரில் ஒருநாள்
மழைக்கோட்டு சொட்டச் சொட்ட ஒருவர்,
லின்ஸ் நகரத்துப் பல் மருத்துவராம்,
“இது எந்த இடத்திலிருந்து?” என்று கேட்டார்.
அவளுக்குத் தெரியவில்லை.
பதினோரு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவள்
உப்பா புளிப்பா என்று தெரியாமல்
நின்றதுபோல் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை
மின்பணியாளன் லீவியோவின் ஓட்டை ஃபியட்டில்
மேலே போனார்கள்.
ஊர் முடிந்த கணத்தில் கல் தொடங்கிவிட்டது.
பெய்ததையெல்லாம் உள்ளே ஒழுகவிடும்
சுண்ணாம்புக்கல் பூமி.
இங்கே ஓர் ஆறே குகைக்குள் இறங்கிக் காணாமல் போகிறது,
நாற்பது கிலோமீட்டர் தள்ளி
ஒன்றும் நடக்காததுபோல் வெளியே வருகிறது.
லீவியோ ஆற்றைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.
கல்லிடுக்கெல்லாம் சுமாக் புதர்கள்,
குங்குமத்தைக் கொட்டி மிதித்ததுபோல்.
அவள் கழுதை நின்ற பாறையைத் தேடினாள்.

மணிக்கூண்டை வலக்கைப் பக்கம் வைத்து,
செல்போனில் எடுத்த படத்தைத் தூக்கிப் பிடித்து,
முன்னே பத்தடி, பின்னே பத்தடி.
இதுதான்.
பாறை இருந்தது. சரிவு இருந்தது.
கடல் இல்லை.
பைன் மரங்கள் நின்றன, தோளோடு தோள் சேர்த்து,
மொட்டை மேட்டில் எப்போதோ யாரோ நட்டவை.
காற்றைத் தடுக்க நட்டார்களோ என்னவோ,
தடுத்தது கடலை.

“வெட்டச் சொல்லி மனுப் போடலாம்” என்றான் லீவியோ,
பாதி விளையாட்டாய்.
அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.
உச்சிக்கிளைகளில் ஓர் இரைச்சல்,
அலையா மரமா என்று பிரிக்க முடியாதது.
மூன்றாம் அறையில் கேட்காத சத்தமெல்லாம்
இங்கே வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது போல.

முச்சந்திக் கம்பத்தில் ஐவிக் கொத்து தொங்கியது.
தொங்கினால் அந்தத் திசையில்
ஒரு குடியானவர் வீடு திறந்திருக்கிறது என்று பொருள்.
இரும்பு ருசிக்கும் சிவப்பு மது,
அவித்த முட்டை, மெல்லிசாய்ச் சீவிய பன்றித்தொடை.
வீட்டுக்காரி மிலோய்கா ஸ்லோவேனியத்தில் கேட்டாள்.
நீவெஸ் இத்தாலியத்தில் தொடங்கி
பாதி வாக்கியத்தில் மாறினாள்,
குளிர்ந்த அறைக்குள் செருப்பு தேடுகிறவளைப்போல.
“கடலா? அது கீழே கிடக்கிறதே.
அதைப் பார்க்க யாராவது மேலே வருவார்களா?”
சிரித்துவிட்டு இன்னொரு முட்டை வைத்தாள்,
கணக்கில் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை போரா.
பார்வையாளர் நான்கே பேர், அதில் இருவர்
காற்றுக்கு ஒதுங்கியவர்கள்.
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தாள்:
“அங்கே போனால் தெரியாது. இங்கேதான் தெரியும்.”
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
கோட்டுப் பையில் விரல் விட்டபோது
முட்டையோட்டுத் துணுக்கு ஒன்று குத்தியது.
நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்,
கழுதை நின்ற பக்கமாக.