கேட் மூடியிருக்கும் நேரம்

நீடாமங்கலம் கேட் மூடினால்
என் கடைக்குக் கூட்டம்.
சிமெண்ட் ஷீட், ஒரு டியூப்லைட்,
நானூற்றுச் சொச்சம் புத்தகம்,
நாள் வாடகை ஐந்து ரூபாய்.
மன்னார்குடி ரயிலுக்கு எஞ்சின் முன்பின் மாறும்வரை
பஸ்ஸும் லாரியும் மூச்சை அணைத்துவிட்டு நிற்கும்.

வந்து நிற்பவரிடம் வயதைக் கேட்கமாட்டேன்.
நகத்தைப் பார்ப்பேன்.
கடிக்கிறவர்களுக்கு
நூற்றிருபது பக்கத்துக்கு மேல் கொடுப்பதில்லை.

ஏழு வயதென்றால் படக்கதை.
பக்கத்துக்கு நாலு கட்டம், ரத்தம் கூடாது,
காணாமல் போனது ஒரு ஆட்டுமணி, போதும்.
அப்பாவின் பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்தே
படித்து முடித்த பையன் சொன்னான்:
"இந்தக் கட்டத்துல மணி இருக்கு,
அடுத்ததுல இல்ல.
நடுவுல இருக்கிற வெள்ளைக் கோட்டுலதான்
எடுத்திருக்கான்."

கூத்தாநல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஷிஃபானாவுக்குப் பதின்மூன்று.
"படம் போட்டதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு."
கறுப்பு வெள்ளையில் தடித்த சித்திர நாவல் ஒன்றை நீட்டினேன்.
நாற்பது பக்கம் யாரும் பேசமாட்டார்கள்.
ஒரு வீடு. ஒரு மாடிப்படி.
பக்கத்துக்குப் பக்கம் வாசலில்
செருப்பு கூடிக்கொண்டே போகும்.
மறுநாள் கேட் திறந்திருந்தும் இறங்கி வந்தாள்.
"அக்கா, எண்ணிப் பாத்தீங்களா?
ஒத்தப்படையில முடியுது."
எண்ணியதில்லை.
அன்றிரவு கடையைப் பூட்டும்போது
என் செருப்பை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

அறுப்பு மிஷின் ஓட்டுகிற ஆத்தூர்க்காரருக்கு
அத்தியாயம் சிறிதாக வேண்டும்,
வரப்பில் திருப்புகிற இடத்தில் ஒன்று முடிய வேண்டும்.
வைக்கோல் தூசியோடுதான் திரும்பி வரும் புத்தகம்.
அதை நான் தட்டுவதில்லை.
அடுத்து எடுப்பவர் தும்மட்டும்,
துப்பு அதிலும் இருக்கலாம்.

கொள்முதல் நிலையத்தில் பதினோரு நாளாய்
நெல்லுக்குக் காவல் கிடந்த தெட்சிணாமூர்த்தி சொன்னார்:
"கொலை வேண்டாம் தாயி,
ராத்திரி தார்ப்பாய்க்கடியில தனியாக் கெடக்கேன்."
கணக்குப் புத்தகத்தில் நடக்கிற திருட்டாய்ப் பார்த்து
ஐந்நூறு பக்கத்தில் கொடுத்தேன்.
ஈரப்பதம் பதினேழுக்கு இறங்குமுன்பே கொண்டுவந்து போட்டார்.
"இருநூறாம் பக்கத்துலயே புடிச்சிட்டேன்.
எடையில கைவைக்கிறவன எங்களுக்குத் தெரியாதா?"

சவரிராயனுக்கு எழுபத்தெட்டு.
ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்திருக்கிறது.
"கொலைகாரன் யாருன்னு மொதல்லயே சொல்லிடு,
பாதியில நான் போயிட்டா நஷ்டம்.
எப்படி மாட்டுனான்னுதான் எனக்குப் படிக்கணும்."
அவருக்கு மட்டும் காதில் சொல்வேன்.
பாதி நேரம் தப்பான பெயரை.
திட்டிக்கொண்டே அடுத்ததை எடுத்துப்போவார்.

போன வியாழன் கூட்ஸ் வந்தது.
நாற்பத்திரண்டு பெட்டி, மெதுவாக.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
அந்தப் பக்கத்து ரோடு தெரிந்து மறைந்தது.
ஆட்டுமணிப் பையன்தான் முதலில் பார்த்தான்.
மஞ்சள் சட்டை, டிவிஎஸ் வண்டிமேல்.
அடுத்த இடைவெளியில்
மஞ்சள் சட்டை இறங்கி நிற்கிறது.
அடுத்ததில் வண்டி மட்டும்.
அதற்கடுத்ததிலும் வண்டி மட்டும்.
"காணோம்!" என்று கத்தினான்.
ஷிஃபானா பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள்.
சவரிராயன் நல்ல கண்ணைச் சுருக்கி,
"யாரு செஞ்சான்னு சொல்லு" என்றார் என்னிடம்.
எனக்குத் தெரியவில்லை ஐயா, நிஜமாகவே.

கடைசிப் பெட்டியும் போனது.
வண்டியின் நிழலில் குந்தியிருந்தார் மனிதர்,
மடியில் என் கடைப் புத்தகம்,
நாலு நாள் வாடகை தராதது.

கேட் ஏறியது.
அவருக்குப் பின்னால் மூன்று லாரி ஹாரன் அடித்தது.
இருபது ரூபாயைக் கேட்கலாமென்று
தண்டவாளத்தைத் தாண்டிப் போனவள்
பாதியில் நின்றுவிட்டேன்.
இன்னும் ஒரு பக்கம்
பாக்கி இருந்தது அவருக்கு.