செருப்பில் ஒரு பால்பல்

டர்பன், உம்கேனி சாலை,
உள்துறை அலுவலகத்தின் ஏழாம் கவுண்ட்டர்.
தயாளன் எழுதிக் கொடுத்தது ஒரே வரி:
இவளுக்கு இனி நான் பொறுப்பில்லை.
ஆறு வருஷத்தை அவ்வளவு சின்னதாக மடிக்கலாமென்று
எனக்குத் தெரியாது.

மகளின் பிறப்புச் சான்றிதழை நீட்டினேன்.
தாய் என்ற கட்டத்தில் என் பெயர்,
பக்கத்தில் பாஸ்போர்ட் எண்.
கண்ணாடிக்குப் பின்னால் நொம்புசோ குரலைத் தாழ்த்தினாள்:
"பிள்ளை எங்கள் பிரஜை.
தாயாக இருக்க உனக்கு உரிமை உண்டு.
இங்கே இருக்கத்தான் இல்லை."

வழக்குப் போடலாம் என்றார் வக்கீல்.
ஃபீஸைச் சொன்னபோது
ஹடேடா பறவையொன்று ஜன்னலோரம் கத்திக்கொண்டு போனது.
தொகை சரியாகக் காதில் விழவில்லை.
மறுபடி கேட்கவுமில்லை.

சாட்ஸ்வொர்த் வந்து சேர்ந்தால்
ப்ரெனீஷாவுக்கு முன்பல் விழுந்திருக்கிறது.
பல்லைக் கூரைமேல் எறியும் ஊர் என்னுடையது.
இங்கே செருப்புக்குள் வைக்க வேண்டுமாம்,
ராத்திரி எலி வந்து எடுத்துக்கொண்டு
காசு வைத்துவிட்டுப் போகுமாம்.

தன் செருப்பு சின்னது என்று
என்னுடையதில் வைத்திருக்கிறாள்.
"நான் எழும்புற வரைக்கும்
போட்டுக்காதீங்கம்மா."

மணி இரண்டு.
ஐந்து ரேண்ட் நாணயம் உள்ளங்கையில் வியர்க்கிறது.
செருப்பு
வாசலைப் பார்த்துக் கிடக்கிறது.