யானை வெளியே

ஒட்டுசுட்டானில், புதன்கிழமைகளில்,
ஒரு தட்டு மணலும் ஒரு பெட்டி பொம்மைகளும்.
யதுசா வந்ததும் முதல் வேலை
யானையை எடுத்துக் கதவுக்கு வெளியே வைப்பது.
ஏனென்று நான் கேட்பதில்லை.
அவளின் அப்பா வயல் காவலுக்குப் போன இரவை
ஊரே சொல்லிவிட்டது,
அவளைத் தவிர.

ஐந்தாம் கிழமை மணலில் குளம் தோண்டினாள்.
பிறகு ஈர்க்கு முறித்து வேலி.
மழை பெய்த ஒருநாள்
தானாகவே எழும்பிப் போய்
நனைந்த யானையைக் கொண்டுவந்தாள்,
சட்டையில் துடைத்தாள்,
வேலிக்கு அந்தப் பக்கம் படுக்கவைத்தாள்.

காற்றில் அடித்த சன்னலைச் சாத்தப் போனேன்.
"மெதுவா மிஸ்,
அதுக்கும் வெடியெண்டாப் பயம்."

படிவத்தில் 'முன்னேற்றம்' என்றொரு கட்டம்,
இரண்டு சொல் கொள்ளும்.
'யானை நித்திரை' என்று எழுதினேன்.
வெட்டினேன்.
திரும்பவும் அதையே எழுதினேன்.