மற்றும் எழுபத்து மூவர்

பாஸ்ராவில் ஜெனரேட்டர் பெல்ட் வாங்கிக்கொண்டு
நாசிரியா சாலையில் வரும்போது
வண்டி கொதித்து நின்றுவிட்டது.
ரேடியேட்டர் ஆறும்வரை என்ன செய்ய?
மணலுக்குள் மஞ்சள் தூண்கள் தெரிந்தன. நடந்தேன்.
எட்டு மாதமாய் அதைப் பார்த்துப் பார்த்து
ஏதோ கம்பெனி கைவிட்ட கோடவுன் என்றிருந்தேன்.

உள்ளே சுவர் முழுக்கப் பெயர்கள்.
ஆற்றங்கரையில் இருந்ததாம் முதலில்.
கல் கல்லாய்ப் பெயர்த்து லாரியேற்றி
இங்கே கொண்டுவந்து கோத்தார்களாம்.
செத்தவனுக்கும் டிரான்ஸ்பர்.

முதல் யுத்தம். வெள்ளைக்காரர்கள் வரிசை வரிசையாய்,
கடைசிச் சிப்பாய்வரை, இனிஷியலோடு.
நம்மவர் பகுதிக்கு வந்தால்
கல்லில் இடம் நிறைய மிச்சம்.

ஒரு பெயரை இரண்டுமுறை வாசித்தேன்.
புனரங்கம்.
புனரங்கமா? வாய்விட்டுச் சொன்னதும்
ஆங்கிலத்துக்குள்ளிருந்து ஆள் எழுந்து வந்தான்:
சுபேதார் பொன்னுரங்கம்.
எங்கள் வட ஆற்காட்டுக்காரனாய்த்தான் இருக்கும்.
பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து, பதக்கம்.
எதற்குக் கொடுத்தார்கள், கல் சொல்லவில்லை.

அவனுக்குக் கீழே ஒரே ஒரு வரி:
'மற்றும் எழுபத்து மூன்று இந்தியச் சிப்பாய்கள்.'

நான் டைம்கீப்பர்.
'மற்றும்' எனக்குத் தெரிந்த சொல்.
தினமும் மாலை ஆறு மணிக்கு நானும் போடுகிறேன்:
ஃபோர்மேன் ஒன்று, பெயர்.
ஹெல்ப்பர் நாற்பத்தொன்று.

காவலுக்கு இருந்த அபூ ஹைதர்
இஸ்திகானில் டீ தந்தார், பாதி சர்க்கரை.
"உன் ஆட்களா?" என்றார்.
ஆமாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?
தலை தானாய் ஆடியது.
"என் அண்ணன் ஃபாவில், எண்பத்தாறில்" என்றார்.
"கல்?"
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ச்சு' என்றார்.
இல்லை என்பதற்கு இங்கே அவ்வளவுதான்.

ஃபாவில்தான் நம்மவர்களும்
கப்பலைவிட்டு இறங்கினார்கள்.
நவம்பர் மாதம். சேறு முழங்கால்வரை இருந்திருக்கும்.

எங்கள் ஊர்ப்பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு.
மாடு மீட்கும் சண்டையில் விழுந்தவன் கல்.
அவன் காலடியில் அவன் நாய்.
நாய்க்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன்.
ஆயிரத்து நானூறு வருஷம்.
இன்னும் படிக்கலாம்.

பதக்கம் எதற்கென்று
டீ ஆறுவதற்குள் நானாக ஒன்று கட்டினேன்.
ஆற்றுக்குக் குறுக்கே படகுகளைக் கோத்துப் பாலம்.
அக்கரையிலிருந்து குண்டு.
இடுப்பில் கயிற்றோடு பொன்னுரங்கம் நீந்துகிறான்.
நீந்தட்டும். நல்ல நீச்சல்காரன்தான்.
ஆனால் கயிற்றுக்கு இரண்டு முனை.
இந்தக் கரையில் குதிகாலைச் சேற்றில் ஊன்றி
உள்ளங்கை பிய்ய விட்டுவிட்டுக் கொடுத்தவன்
அந்த எழுபத்து மூன்றில்
எத்தனையாவது?

கல்லில் மிச்சமிருந்த வெற்றிடத்தில் கை வைத்தேன்.
கொதித்தது, எடுத்துவிட்டேன்.
சும்மா சொல்லக் கூடாது,
பொன்னுரங்கத்தின் பெயர்மேல் வைத்தபோதும்
அதே சூடுதான்.

வண்டி கிளம்பிற்று.
கேம்ப்பில் கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்து
அன்றைய ஷீட்டில்
ஹெல்ப்பர் நாற்பத்தொன்றை அழித்தேன்.
ஒவ்வொரு பெயராய் அடித்தேன்.
போன மாதம் வெயிலில் விழுந்து
பெட்டியில் போன இருதயராஜையும்
விரல் பழக்கத்தில் அடித்து, அழித்து,
திரும்ப அடித்தேன்.
நாளைக்கு ஆபீசில் கேட்பார்கள்.
கேட்கட்டும்.

கட்டத்துக்குள் பன்னிரண்டு எழுத்துதான் பிடிக்கும்.
சாரம் கட்டும் வெங்கடாசலபதிக்கு
ஆங்கிலத்தில் பன்னிரண்டும்
'வெங்கடாசல'வோடு தீர்ந்தது.

மீதி இருந்த
'பதி'
திரையில் ஏறவில்லை.