நாற்பத்தோராவது வளை

ஊர் உறங்கியபின் தொடங்குகிறது என் வேலை.
மண்வெட்டி, அரிக்கேன் விளக்கு,
கோட்டுப் பையில் பாதி ரொட்டி.
நரி இரைதேடப் போயிருக்கும் நேரம் பார்த்து
அதன் வாசலை மண்ணிட்டு அடைக்க வேண்டும்.
வேலைக்குப் போனவன் திரும்புவதற்குள்
வீட்டைப் பூட்டிவிடுகிற வேலை.
வளைக்கு இரண்டு ஷில்லிங்.

விடிந்ததும் அவர்கள் வருவார்கள்.
கோட்டு ரத்தச் சிவப்பு,
அதை ரோஜா நிறம் என்றே சொல்ல வேண்டும்.
நாய்கள் பதினேழரை ஜோடி.
முப்பத்தைந்து என்று எண்ணிய புது டாக்டரை
அந்தக் குளிர்காலம் முழுக்கச் சிரித்தே கொன்றார்கள்.
கொம்பு ஊதும்போது நான் போர்வைக்குள் இருப்பேன்,
நகத்தில் இன்னும் மண்.
குதிரைமேல் ஒருநாளும் ஏறியதில்லை.

என் கணக்கில் நாற்பத்தொரு வளைகள்.
தேர்ல்பி அம்மாளின் வாத்துக் கொட்டகைக்குப் பின்னால் ஒன்று.
கல்லறைச் சுவரடியில் இரண்டு, பாதிரியாருக்குத் தெரியாது.
கர்னல் ஆல்ட்விங்கிளின் சொந்தத் தோப்பில் ஐந்து.
கடைசி வளை
கிரேக்கோ குன்றுக்குக் கீழே, தண்டவாளத்தை ஒட்டிய மதகுக்குள்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில்
அந்தச் சரிவில் பனிக்கட்டி வழுக்கி
முழங்கால் திருகிக்கொண்டது.
பால் வண்டி ரயில் கடந்து போகும்வரை
வானத்தைப் பார்த்தபடி கிடந்தேன்.
அன்றிலிருந்து நாற்பதோடு வீடு திரும்பிவிடுவேன்.
இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.
எனக்கும் கோழிகள் இருந்தன.
முழங்கால், அவ்வளவுதான்.
கூலி மட்டும் நாற்பத்தொன்றுக்கும் வாங்கினேன்.

துரத்தப்பட்ட நரி ஒவ்வொன்றாய்
அடைபட்ட வாசல்களை முகர்ந்து பார்த்துவிட்டு
கடைசியில் அங்கேதான் வந்து சேரும்.
நாய்கள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு பின்னால் வரும்.
ரயிலுக்குப் பயந்து ஜேபஸ்
எல்லாவற்றையும் வேலியோடு மறித்துவிடுவார்.
இடப்பக்கம் போயிற்று என்பார் ஜேபஸ்,
இல்லை வலம் என்பான் சவுக்குக்காரப் பையன்.
நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன,
அது மதகுக்குள் நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும்.
இரண்டு பத்து வண்டி
புகையை இறைத்துக்கொண்டு போகும்.

அப்படித்தான் அதற்குப் பெயர் வந்தது: பாசஞ்சர்.
சீசன் டிக்கெட் வைத்திருக்கிறது என்றார்கள்.
கார்டு தொப்பியைத் தூக்கி வணங்குகிறார் என்றார்கள்.
வாலில் நுனி வெள்ளை, இல்லை முழுக்கக் கருப்பு,
கன்றுக்குட்டி உயரம் என்று
கீழே விழுந்து தோளெலும்பு முறிந்தவர் சத்தியம் செய்தார்.
ஒன்பது வருடம் எந்த நரி உயிரோடிருக்கும்?
மூன்றாவது இருக்க வேண்டும், நாலோ என்னவோ.
கர்னல் லண்டனிலிருந்து ஓவியர் ஒருவரை வரவழைத்தார்.
விடுதிக் கணப்புக்கு மேலே இப்போது
யாரும் பார்த்திராத ஒரு முகம் தொங்குகிறது.

மார்ச் மாத விருந்தில்
வளையடைக்கிறவர்களுக்குக் கதவோரத்து மேசை.
மாட்டிறைச்சி, கடுகு, காற்று.
கர்னல் எழுந்தார், கண் கலங்கியிருந்தது.
"பாசஞ்சருக்கு! நம் எல்லோரையும் விடப் பெரிய கனவானுக்கு!"
நாற்காலிகள் உரசின, அறுபது கோப்பைகள் உயர்ந்தன.
பிறகு என் பக்கம் திரும்பி,
"ஒரு ராத்திரிகூடத் தவறாத நம் ஆமோஸுக்கு!"
என் பெயர் ஈனாஸ்.
குடித்தேன். நல்ல பீர்.

உறையில் நாற்பத்தொரு வளைக்கும் காசு சரியாக இருந்தது.
திரும்பும்போது ரயில் பாலத்தின்மேல்
காலைத் தேய்த்துவிட்டுக்கொள்ள நின்றேன்.
மதகிலிருந்து அந்த வாடை.
ஏதோ ஒன்று வெளியே வந்தது, சின்னது, இளைத்தது,
ஒரு காதில் கிழிசல்.
வேலிக்கம்பைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு
தேர்ல்பி அம்மாளின் வாத்துகளை நோக்கி நடந்தது.

விளக்கை அணைத்தேன்.
எண்ணெய் வீணாவானேன்.