நாலாக உடையும் ரொட்டி

பெட்டியில் முன்பு ஒரு கரடி இருந்தது,
கிண்ணத்தைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் கரடி.
சட்டம் வந்து அதை விரட்டிவிட்டது.
அது நின்ற இடத்தில் இப்போது
எட்டு மூலைக் கறுப்பு முத்திரைகள் இரண்டு:
சர்க்கரை அதிகம். கலோரி அதிகம்.
கரடி எங்கே என்று பால்தசார் கேட்டபோது
குளிர்காலமாயிற்றே, தூங்கப் போயிருக்கும் என்றேன்.
பெட்டி வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

தால்காவானோவில் குளிர்காலம் என்றால் மழை.
மீன் ஆலையில் இரவு வேலை முடித்து
விரலில் செதில் வாடையும்
அக்குளில் சூடான ரொட்டிப் பொட்டலமுமாய்
ஆறரைக்கு வீடு சேர்வேன்.
ஆறிவிடக் கூடாதென்று
மேட்டில் ஓடியே ஏறுவேன்.
மகனுக்கு இரண்டு முழு ரொட்டி, மேலே
பாலும் சர்க்கரையும் கிண்டிய மஞ்ஹார் விரல் கனத்துக்கு.
பாசம் என்று நான் நினைத்திருந்தது அதைத்தான்.

பள்ளியில் அவனுக்குப் பீப்பாய் என்று பெயர்
என்பது ஆகஸ்டில்,
சுகாதார நிலையத்தில்தான் தெரிந்தது.
இன்னொன்றும் தெரிந்தது:
இளைத்துவிடலாம் என்று சில நாள்
என் ரொட்டியை நாய்க்குப் போட்டுவிட்டுப்
பட்டினியாய்ப் போயிருக்கிறான்.
பத்து மணி இடைவேளையில்
கடையிலிருந்த பளபளத் தாள் அத்தனையும் பிரித்திருக்கிறான்.
மிரேயா சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எடை மேடைக்குச் செருப்பைக் கழற்றினான்.
யாஸ்னா, அங்கே உணவு பார்க்கிறவள்,
கையைக் குறுக்கே நீட்டினாள்.
"முதலில் அப்பா."
நூற்று நாலு.
அடுத்து மிரேயா. பிறகு ஃபெர்மினா,
பதின்மூன்று வயது, கொடிக்கம்பம்.
"எனக்கென்ன வந்தது?" என்றாள்.
"ஒரே மேசைதானே" என்றாள் யாஸ்னா.

ஃப்ரிட்ஜ் கதவில் நாலு பெயர், ஏழு கட்டம்.
பச்சை, மஞ்சள், சிவப்புப் பேனாக்கள் நூலில் தொங்கின.
முதல் வாரம் இழவு வீடு.
அவித்த முட்டையை அவன் பார்த்தான்,
முட்டை அவனைப் பார்த்தது.
ஓட்ஸ் கஞ்சி சிமெண்ட் என்றாள் ஃபெர்மினா,
தன் கட்டத்தில் மண்டையோடு வரைந்தாள்.
அவகாடோவுக்கு மட்டும் யாரும் சண்டை போடவில்லை.
ஒரே ரொட்டி. மரக்கேத்தா.
நடுவில் ஒரு பிளவு, குறுக்கே ஒரு மடிப்பு,
நாலாக உடையவென்றே சுட்டது போல.
நாற்பத்திரண்டு வருடம் அதைத் தின்றிருக்கிறேன்,
எண்ணிப் பார்த்ததில்லை.

விடுமுறை இரவு ஒன்றில்
சலவைத் தூளுக்குப் பின்னால் நான் ஒளித்த சீசாவைத்
திறந்து நின்றேன், விளக்குப் போடாமல்.
தண்ணீர் குடிக்க வந்தான்.
என்னைப் பார்த்தான், கரண்டியைப் பார்த்தான்,
தம்ளரை நிரப்பினான்,
குடித்தான்,
போய்விட்டான்.
விடிந்ததும் என் பெயருக்கு நேரே
ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில்
அவன் கோணல் எழுத்து: ஒரு கரண்டி.

ஐந்து.
பேனாவை எடுத்து
மீதி நாலு புள்ளியையும் நானே வைத்தேன்.
அவன் திருத்தியதைப் பார்த்தான்,
முட்டையை உரித்துக்கொண்டே.

நவம்பரில் மறுபடி மேடை.
அவன் எடை எண்ணூறு கிராம் கூடியிருந்தது.
எனக்கு நெஞ்சு அடைத்தது.
யாஸ்னா சுவரில் உயரம் அளந்தாள்: இரண்டு சென்டிமீட்டர்.
"நல்லது" என்றாள், அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.
நல்லதுதானா என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன்.
பீப்பாய் என்று இன்னும் கூப்பிடுகிறார்களா என்று
கேட்க வாய் வரவில்லை.

இப்போது பொழுது சீக்கிரம் விடிகிறது.
சில நாள் மேட்டடிக்கே இறங்கி வந்துவிடுகிறான்,
சீருடையில், தலை வாராமல்.
சேர்ந்து ஏறுகிறோம்.
அவன் மூச்சு வாங்கினால் நான் நிற்கிறேன்,
நான் வாங்கினால் அவன்.
துறைமுகத்தில் எந்தக் கப்பல் புதிது என்று சொல்கிறான்.
வீடு சேர்வதற்குள்
ரொட்டி ஆறிவிடுகிறது.