பன்னிரண்டாம் வாரம்

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் என் மேசைமேல்
பச்சைக் கோப்பு. எண் நாற்பத்தொன்று.
பேர் எழுதக் கூடாது என்பது சட்டம்.
நான் ஆவுடை என்றே நினைத்துக்கொள்வேன்.

சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்கு ஒரு மாத்திரை.
அசல் யாருக்கு, வெறும் மாவு யாருக்கு,
எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.
வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்பேன்.
முதல் வாரம் ஒன்பது. நாலாம் வாரம் ஏழு.
எட்டில் கட்டம் காலி.
பன்னிரண்டிலும்.

சென்னைப் புள்ளியியல்காரர் போனில் சொன்னார்:
முன்னெல்லாம் கடைசி எண்ணையே
முடிவுவரை இழுத்துக்கொண்டு போவார்களாம்.
ஏழு, ஏழு, ஏழு.
பணகுடி சுயம்பு லாரியில் அடிபட்டுச் செத்து
மூன்று வாரம் ஆன பிறகும்
அவர் காலுக்கு ஐந்து எரிச்சல்.

இப்போது அப்படி இல்லை.
அவள் வயதும் சர்க்கரையும் கொடுத்தால் கணினி
இருபது ஆவுடைகளை உண்டாக்கும்.
ஒருத்திக்கு மூன்று, ஒருத்திக்கு எட்டு.
இருபது பேரும் பன்னிரண்டாம் வாரம் தவறாமல் வருவார்கள்.
"ஆனா, வராததுக்குக் காரணமே
எழுதப்படாத அந்த எண்ணா இருந்தா
இருபதும் பொய்."

சனிக்கிழமை முக்கூடல் பஸ் ஏறினேன்.

மடியில் சுளகு. தூள் நெடியில் எனக்குத் தும்மல்.
நிமிராமலே சொன்னாள்:
"எரிச்சல் நின்னு போச்சு.
கையும் நின்னு போச்சு.
ஆயிரம் சுத்துன கை அறுநூறுல தூங்கி விழுது.
காலு எரிஞ்சாலும் பீடி சுத்தலாம்லா?"

படிவத்தில் காரணங்கள் அச்சாகியிருக்கின்றன.
பலனில்லை என்று ஒன்று உண்டு.
பலனிருந்தும் கட்டுப்படியாகவில்லை என்று இல்லை.

நாள் தாண்டிவிட்டது, அவள் சொல்லும் எண்ணை
இனி எழுத முடியாது. இருந்தாலும் கேட்டேன்.
"ஒண்ணு" என்றாள். பிறகு,
"அது அப்போ. இப்போ ஒம்பது."

அந்த இருபது பேரைப் பற்றிச் சொன்னேன்.
நூலைப் பல்லில் கடித்தபடி சிரித்தாள்.
"கம்பெனி குடுக்க எல ஆயிரத்துக்குக் காணாது.
கொறைக்குக் கைக்காசுல எல வாங்கிப் போட்டு நெரப்புவேன்.
நீங்க என்னத்த வாங்கிப் போட்டு
என்னைய நெரப்புவிய?"

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை.
'மற்றவை'யில் டிக் போட்டு
எதிரே இருந்த அரை வரியில்
தூக்கம் என்று எழுதினேன்.
பேட்டைப் பள்ளத்தில் பஸ் குலுங்கியதில்
துக்கம் என்று விழுந்திருந்தது.
திருத்தினால் பக்கத்தில்
கையெழுத்தும் தேதியும் போட வேண்டும்.
திருத்தவில்லை.